மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஹைஜியாவைக் காண்பது எப்படி?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையில் சீரஸ், வெஸ்டா, பல்லாஸ் ஆகிய மூன்றுக்கும் அடுத்துப் பெரியது, பட்டையின் வெளிப்பகுதியில் சுற்றும் ஹைஜியா. குறுக்களவு ஏறத்தாழ 430 கிலோமீட்டர் இருந்தும், அதன் மேற்பரப்பு கரியைப்போல் கறுத்திருப்பதால், 1849 ஏப்ரல் 12 அன்று நேப்பிள்ஸில் அன்னிபாலே டி காஸ்பரிஸ் கண்டறிந்தபோது கண்டறிந்த வரிசைப்படி அதற்கு 10ஆம் எண்தான் மிஞ்சியிருந்தது.

ஏறக்குறைய 15 மாதங்களுக்கு ஒருமுறை அது சூரியனுக்கு நேரெதிரே வரும் வாரங்களில் தேட வேண்டும். அப்போதும் அதன் ஒளிப்பொலிவெண் (எண் கூடக் கூட ஒளி மங்கும்) 9-ஐ ஒட்டியோ 10-ஐச் சற்றுத் தாண்டியோதான் இருக்கும் என்பதால், வெறுங்கண்ணுக்கு எட்டாது. இருகண்நோக்கியை நம்புவதைவிட 8 முதல் 10 சென்டிமீட்டர் வில்லையுள்ள தொலைநோக்கியைக் கொண்டு செல்வதே நல்லது.

நேரத்தைக் கணிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுவதால், எதிர்நிலையில், அதாவது சூரியனுக்கு நேரெதிரே, இருக்கும் ஹைஜியா உச்சிக்கு வருவது நள்ளிரவு 12 மணிக்கன்று, ஏறத்தாழ 1.15 மணிக்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். ஆகவே செம்பனை மரங்கள் அடிவானத்தை மறைப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆலை விளக்குகள் தெரியாத திடலோ மறுநடவு செய்த பகுதியோ போதும். தோட்டக் காவலரிடம் முன்பே சொல்லிவிட்டு, பாம்புக்கு அஞ்சி முழங்கால் வரை பூட்ஸ் அணிந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லாரியம் செயலியில் சிறுகோள் தரவைப் புதுப்பித்து, ஹைஜியா இருக்கும் பகுதியைப் பாருங்கள். அங்கே தொலைநோக்கியைத் திருப்பினால், ஒன்றுபோல் தோன்றும் பல புள்ளிகளே தெரியும். எது ஹைஜியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நான் முதல்முறை ஒரு மங்கலான விண்மீனை இரண்டிரவு ஹைஜியா என நம்பி நண்பர்களுக்கும் காட்டினேன். மூன்றாம் இரவும் அது அசையாததைக் கண்ட பிறகே வெட்கம் வந்தது.

எனவே வரைய வேண்டும். ஒரு தாளில் வட்டமிட்டு, டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு, முதலில் பிரகாசமான நான்கைந்து விண்மீன்களைப் பென்சிலால் குறியுங்கள். அவை அமைக்கும் முக்கோணங்களை அளவுகோலாகக்கொண்டு மங்கலானவற்றை நிரப்புங்கள். தொலைநோக்கியில் படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரிந்தால், தெரிவதை அப்படியே வரையுங்கள். திருத்த முயன்றால் குழப்பமே மிஞ்சும். பனி படர்ந்த வில்லையைத் துணியால் துடைக்காமல் விசிறியால் உலர்த்துங்கள்.

இரண்டு மூன்று இரவுகள் கழித்து, அதே கண்ணருகு வில்லையால் அதே இடத்தை மீண்டும் வரைந்து, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கொளியில் பிடியுங்கள். எதிர்நிலையில் ஹைஜியா அந்த இடைவெளிக்குள் ஏறக்குறைய முழுநிலவின் அகலத்துக்கு மேற்கே நகர்ந்திருக்கும். மற்றவை பொருந்தி, ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தால் அதுவே ஹைஜியா. ஏதும் மாறவில்லையெனில், பார்த்த திசை சரிதானா எனச் செயலியில் சரிபார்த்துவிட்டு, மேகம் விலகும் அடுத்த இரவில் புதிய தாளில் தொடங்குங்கள்.