இந்தோனேசியாவில் இணையச் சேவை விற்பதற்கு முன்: எந்த விதியை முதலில் படிப்பது, எப்படிப் படிப்பது

சென்னையிலோ கோவையிலோ இருந்து கணக்குப்பதிவு மென்பொருளோ, பாடம் நடத்தும் செயலியோ, கைவினைப் பொருள் விற்கும் தளமோ நடத்துகிற சிறு நிறுவனங்களுக்கு இந்தோனேசியா இயல்பாகவே கண்ணில் படும் சந்தை. ஏறத்தாழ 28 கோடி மக்கள் வாழும் அந்நாட்டில் பெரும்பாலோர் கணினியைத் தொடாமலேயே கைப்பேசி வழியாக இணையத்துக்கு வந்தவர்கள். ஆனால் அங்குள்ள இணைய விதிகள் ஒரே சட்டத்தில் அடங்கியவை அல்ல. பதிவும் உள்ளடக்கமும் தகவல்தொடர்பு மற்றும் டிஜிட்டல் அமைச்சகத்திடம் உள்ளன. வரியும் சுங்கமும் நிதி அமைச்சகத்திடம், மின்வணிகம் வர்த்தக அமைச்சகத்திடம், பணப் பரிமாற்றம் மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியாவிடம் உள்ளன. ஒவ்வொரு சட்டத்தையும் தலைப்பு வாரியாகப் படிக்கத் தொடங்கினால் மாதங்கள் ஓடிவிடும், எது அவசரம் என்பதும் பிடிபடாது. ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. உங்கள் சேவையை யார் நிறுத்த முடியும், எவ்வளவு விரைவாக நிறுத்த முடியும், நிறுத்தினால் அடிபடுவது யார் என்ற கேள்விகளோடு ஒவ்வொரு விதியையும் அணுகுங்கள்.

பதிவு

அந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் முதலில் நிற்பது தகவல்தொடர்பு அமைச்சகம் 2020 நவம்பரில் கொண்டுவந்த 5ஆம் எண் விதி. தனியார் மின்னணு அமைப்பு நடத்துநர்கள் என்று அது வகைப்படுத்தும் அனைவரும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். இந்தோனேசிய மொழிச் சுருக்கத்தில் இவர்களைப் பி.எஸ்.இ. என்பார்கள். பொருள் அல்லது சேவை விற்பனை, நிதிப் பரிமாற்றம், கட்டணம் பெற்றுத் தரும் டிஜிட்டல் உள்ளடக்கம், செய்திப் பரிமாற்றமும் சமூக ஊடகமும், தேடுபொறி, பொதுமக்களின் தனிப்பட்ட தரவைக் கையாளும் சேவை ஆகிய யாவும் இதில் அடங்கும். அந்நாட்டில் உங்களுக்கு அலுவலகம் இல்லை என்பதால் விலக்குக் கிடைக்காது. உங்கள் அமைப்பு அங்கே பயன்படுத்தப்பட்டாலோ, அங்குள்ளவர்களுக்கு வழங்கப்பட்டாலோ போதும், நீங்கள் இந்த வரையறைக்குள் வந்துவிடுவீர்கள்.

இந்த விதி ஏட்டளவில் நின்றுவிடும் என்று பலரும் நினைத்திருந்த வேளையில், 2022 ஜூலை 30 அன்று அமைச்சகம் அதைச் செயல்படுத்திக் காட்டியது. பதிவுக்கான கெடு ஜூலை 20இல் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த சில நாள்களும் கழிந்தபின், பேபால், யாஹூ, ஸ்டீம், எபிக் கேம்ஸ், டோட்டா 2 உள்ளிட்ட சேவைகள் ஒரே நாளில் முடக்கப்பட்டன. விளையாட்டுத் தளங்கள் முடங்கியதால் எழுந்த கோபம் ஒருபுறம் இருக்க, உண்மையான இடி விழுந்தது வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வடிவமைப்பும் எழுத்தும் செய்து, கூலியைப் பேபால் கணக்கில் வாங்கி வந்த தனிநபர்கள் மீதுதான். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. இருந்தும் உழைத்துச் சேர்த்த பணத்தை அவர்களால் எடுக்க முடியவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் மறுநாளே பேபாலை ஐந்து வேலைநாள்களுக்கு மட்டும் திறந்துவிட்டு, பணத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைச்சகம் அறிவித்தது. பின்னர் அந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பதிவு செய்ததும் தடைகள் விலகின. பதிவு என்ற ஒரு நிர்வாக நடைமுறைக்காக மக்களின் பணத்தைப் பிணையாக வைத்தது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விதியைப் படிக்கும் நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் வேறு. அங்கே தாமதத்துக்கான தண்டனை அபராதச் சீட்டாக வருவதில்லை. சேவை முழுவதும் மறைந்துபோவதே தண்டனை.

பதிவு அந்நாட்டின் ஒற்றைச் சாளர உரிமத் தளமான ஓ.எஸ்.எஸ். வழியாக நடக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் தன் அடையாளம், பொறுப்பாளரின் அடையாளம், நிறுவனம் பதிவான சான்றிதழ், இந்தோனேசியப் பயனர்களின் எண்ணிக்கை, அங்கிருந்து வரும் பரிவர்த்தனை மதிப்பு ஆகியவற்றைத் தர வேண்டும். ஆவணங்களுக்கு உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் இந்தோனேசிய மொழிபெயர்ப்பு தேவைப்படும். இதற்குத்தான் நினைத்ததைவிட அதிக நாள் பிடிக்கும் என்பதால் முதலில் இதைத் தொடங்குங்கள். பயனர் எண்ணிக்கையைக் கேட்கும் இடத்தில் தோராயமாக ஒரு தொகையை எழுதிவிடாதீர்கள். அதே எண்ணிக்கை பிறகு வரிக் கணக்கிலும் எதிரொலிக்கும்.

நான்கு மணி நேரக் கெடு

பதிவு செய்தவுடன் அதே விதியின் மற்றக் கடமைகளும் உங்களைப் பற்றிக்கொள்கின்றன. பயனர்கள் எழுதவோ பதிவேற்றவோ இடமுள்ள சேவை என்றால் இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். தடைசெய்யப்பட்ட உள்ளடக்கம் என்று அமைச்சகம் சுட்டிக்காட்டினால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். அவசரம் என்று குறிப்பிட்டால் 4 மணி நேரம்தான். பயங்கரவாதமும் குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலும் அவசரப் பட்டியலில் இருப்பதை யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் சமூகத்தைக் கலக்கமடையச் செய்வது, பொது ஒழுங்கைக் குலைப்பது என்ற எல்லையற்ற வரையறையும் அதே பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஒரு விமர்சனக் கட்டுரையையோ ஓர் ஊழல் குற்றச்சாட்டையோ அந்தச் சொற்களுக்குள் அடைத்துவிட முடியும் என்பதால்தான் சேஃப்நெட் போன்ற இந்தோனேசிய டிஜிட்டல் உரிமை அமைப்புகள் இந்த விதியைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்து வருகின்றன.

அதனால் நடைமுறையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கோரிக்கை வந்தால் யார் திறந்து பார்ப்பார்கள், நீக்கும் அதிகாரம் யாருக்கு, சந்தேகம் இருந்தால் எந்த வழக்கறிஞரை எழுப்புவது என்பதெல்லாம் பெயர் குறித்து அதில் இருக்க வேண்டும். ஜகார்த்தாவின் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முந்தியது என்பதும் நான்கு மணி நேரக் கெடுவில் கணக்குக்கு வரும். கோரிக்கை எழுத்தில் வந்ததா, எந்த விதிப்பிரிவைச் சுட்டுகிறது, எந்த முகவரியை நீக்கச் சொல்கிறது என்று பாருங்கள். மொத்தக் கணக்கையும் அழிக்கும் வழக்கம் வேண்டாம். சுட்டப்பட்ட பதிவை மட்டும் இந்தோனேசியாவில் மறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுதியவருக்குக் காரணத்தைத் தெரிவியுங்கள்.

தரவைக் கேட்டு வரும் கோரிக்கை இதைவிடக் கனமானது. மேற்பார்வைக்காகவோ குற்ற விசாரணைக்காகவோ அரசு கேட்டால் ஐந்து நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது விதி. அத்தகைய கோரிக்கைகளைப் பெற இந்தோனேசியாவில் வசிக்கும் ஒரு தொடர்பாளரை நியமிக்கவும் சொல்கிறது. சிறு நிறுவனம் இதற்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த தயாரிப்பு, தேவையற்ற தரவைச் சேர்க்காமல் இருப்பதுதான். உங்களிடம் இல்லாத இருப்பிட வரலாற்றை எந்த அதிகாரியும் உங்களிடமிருந்து பெற முடியாது. தொடர்பாளராக இருக்கப்போகிறவர் அங்கே வாழும் ஒரு மனிதர் என்பதையும், அழுத்தம் முதலில் அவர்மேல்தான் விழும் என்பதையும் மறந்துவிட்டு, கிடைத்த பகுதிநேர ஊழியரின் பெயரை எழுதிக் கொடுப்பது பெரும் அநீதி.

தரவை எங்கே வைப்பது

இது பலரும் தேவைக்கு மேல் அஞ்சும் பகுதி. 2012இன் 82ஆம் எண் அரசு ஒழுங்குமுறை, பொதுச் சேவை தரும் மின்னணு அமைப்புகள் தங்கள் தரவு மையத்தை நாட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்றது. அதை நீக்கிவிட்டு வந்த 2019இன் 71ஆம் எண் ஒழுங்குமுறை அரசுத் துறையையும் தனியாரையும் பிரித்தது. தனியார் சேவைகள், அரசின் மேற்பார்வைக்கு இடமளிக்கும் பட்சத்தில், தரவை வெளிநாட்டில் வைத்துக்கொள்ளலாம். நிதித் துறைக்குத் தனி விதிகள் உண்டு. எனவே உங்கள் வாடிக்கையாளர் யார் என்று கேளுங்கள். துணிக்கடைக்காரர் என்றால் சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள சேவையகம் போதும். வாடிக்கையாளர் அரசுத் துறையாகவோ வங்கியாகவோ இருந்தால், ஒப்பந்தம் பேசுவதற்கு முன்பே உள்நாட்டுச் சேவையகத்தின் செலவைக் கணக்கில் சேருங்கள். இவை போக, 2022இன் 27ஆம் எண் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாருக்கும் பொருந்தும். தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அபராதம் ஆண்டு வருவாயில் 2 விழுக்காடு வரை போகலாம்.

நாட்டுக்குள் வைத்தால் தரவு பத்திரமாக இருக்கும் என்ற வாதத்தை யாராவது உங்களிடம் முன்வைத்தால் 2024 ஜூனைச் சொல்லுங்கள். சுரபாயாவில் இருந்த அரசின் தற்காலிகத் தேசியத் தரவு மையத்தைப் பிணைத்தொகை கேட்கும் தீநிரல் தாக்கியது. 200க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளின் சேவைகள் பாதிக்கப்பட்டன, விமான நிலையங்களில் குடியேற்றப் பரிசோதனை வரிசைகள் நீண்டன. தாக்கியவர்கள் 80 லட்சம் டாலர் கேட்டார்கள். அங்கிருந்த தரவின் பெரும்பகுதிக்கு மாற்றுப் படி எடுத்து வைக்கப்படவில்லை என்பது பிறகு தெரியவந்தது.

பணம், வரி, சுங்கம்

அமைச்சகப் பதிவு நீங்களாகச் செய்ய வேண்டியது. மதிப்புக்கூட்டு வரியோ வரித்துறை உங்களை நியமித்த பிறகுதான் தொடங்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். 2020 ஜூலை முதல், இந்தோனேசிய வாடிக்கையாளர்களிடம் ஆண்டுக்கு 60 கோடி ரூபியாவுக்கோ மாதத்துக்கு 5 கோடி ரூபியாவுக்கோ மேல் விற்கும் வெளிநாட்டு டிஜிட்டல் நிறுவனங்களும், ஆண்டுக்கு 12,000 அல்லது மாதத்துக்கு 1,000 பயனர்களைத் தாண்டுபவையும் வரி வசூலிப்பவர்களாக நியமிக்கப்படலாம். 10 விழுக்காடாக இருந்த வரி 2022 ஏப்ரலில் 11 ஆனது. 2025 முதல் ஏட்டில் 12 என்றாலும், கணக்கிடும் அடிப்படையைக் குறைத்திருப்பதால் ஆடம்பரம் அல்லாதவற்றுக்கு 11ஆகவே நிற்கிறது. நிறுவனங்களுக்கு விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக்குச் செல்லும் சேவைக் கட்டணத்தில் 20 விழுக்காட்டை வாடிக்கையாளரே பிடித்தம் செய்துவிடுவார். இந்திய - இந்தோனேசிய இரட்டை வரி ஒப்பந்தத்தின் சலுகை வேண்டுமானால் நம் வருமான வரித்துறையிடமிருந்து வசிப்பிடச் சான்றிதழும் அவர்களின் உரிய படிவமும் முதல் விலைப்பட்டியலுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

சுங்கத்தில் இந்தோனேசியா தனி வழி போன நாடு. இணைய வழியே வரும் மென்பொருளையும் டிஜிட்டல் பொருள்களையும் 2018இலேயே தன் சுங்க அட்டவணையில் 99ஆம் அத்தியாயமாகச் சேர்த்து, விகிதத்தைச் சுழியத்தில் வைத்தது. மின்வழிப் பரிமாற்றத்துக்குச் சுங்கம் விதிப்பதில்லை என்ற உலக வணிக அமைப்பின் 1998ஆம் ஆண்டு உடன்பாடு என்றாவது காலாவதியானால் விகிதத்தை உயர்த்தத் தோதாகச் செய்த ஏற்பாடு அது. அந்த உடன்பாட்டை நீட்டிக்க வேண்டாம் என்று வாதிட்டவர்களில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உண்டு. 2024இல் அபுதாபி மாநாடு, அதற்கு 2026 மார்ச் 31 அல்லது அடுத்த மாநாடு, எது முந்தியதோ அதுவரை ஆயுள் கொடுத்தது. 2025 ஜூலையில் அமெரிக்காவுடன் வெளியிட்ட கூட்டறிக்கையில் இந்த அத்தியாயத்தை நீக்குவதாக இந்தோனேசியா வாக்களித்தது. இப்படி ஆடிக்கொண்டிருக்கும் விதிக்கு எதிரே சிறு நிறுவனம் செய்யக்கூடியது ஒன்றே. நீண்டகால ஒப்பந்தங்களில் புதிய சுங்கமோ வரியோ வந்தால் யார் தலையில் விழும் என்பதைத் தனிப் பிரிவாக எழுதுங்கள்.

செயலி வழியே பொருள் விற்றால்

2023 செப்டம்பரின் 31ஆம் எண் வர்த்தக அமைச்சக விதியைப் படிக்காமல் இதில் இறங்க வேண்டாம். ஜகார்த்தாவின் தானா அபாங் துணிச் சந்தையில் வாடிக்கையாளர் வரத்து குறைந்து, நேரலையில் மலிவு விலைக்கு விற்பவர்களோடு போட்டிபோட முடியவில்லை என்று கடைக்காரர்கள் குரல் எழுப்பியதன் தொடர்ச்சியாக வந்தது அது. சமூக ஊடகத்துக்குள்ளேயே பணம் செலுத்தி வாங்குவதை அந்த விதி தடுத்தது. எல்லை தாண்டி நேரடியாக வரும் பொருளுக்குக் குறைந்தபட்ச விலையாக 100 டாலரை நிர்ணயித்தது. டிக்டாக் ஷாப் அக்டோபர் 4 அன்று மூடப்பட்டது; டிசம்பரில் இந்தோனேசிய மின்வணிகத் தளமான டோகோபீடியாவின் 75 விழுக்காட்டுப் பங்கை வாங்கித்தான் அந்நிறுவனம் திரும்பி வர முடிந்தது. அவ்வளவு பணம் உள்ளவர்களுக்குக் கதவு திறக்கிறது, காஞ்சிபுரத்திலிருந்து 40 டாலர் சேலையை நேரடியாக அனுப்ப நினைக்கும் நெசவாளர் கூட்டுறவுக்கு அது மூடியே இருக்கிறது என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். சந்தையைக் காக்கும் நோக்கம் சரியானதே. ஆனால் விலைவரம்பு ஆலைத் துணியையும் கைத்தறியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அத்தகைய விற்பனைக்கு அந்நாட்டு இறக்குமதியாளர் ஒருவரோடு சேர்ந்து மொத்தமாக அனுப்புவதே இப்போதைக்கு ஏற்ற வழி.

வெளியிடுவதற்கு முந்தைய வாரம்

உங்கள் களப்பெயர் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அமைச்சகத்தின் டிரஸ்ட் பாசிட்டிஃப் தளத்தில் தேடிப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் சூதாட்டத்துக்குப் பயன்படுத்திய பெயரை நீங்கள் வாங்கியிருக்கக்கூடும். பிறகு ஜகார்த்தாவில் மட்டுமல்லாமல் வேறு தீவுகளிலும் உள்ள நண்பர்களிடம் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே தளம் ஒரு நிறுவனத்தின் இணைப்பில் திறந்து, மற்றதில் தடை அறிவிப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படுவது அங்கே நடக்கிற காரியம். 2016 ஜனவரியில் அரசு நிறுவனமான டெல்கொம் நெட்ஃபிளிக்ஸை முடக்கி 2020 ஜூலையில்தான் திறந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் மற்ற இணைப்புகளில் அது கிடைத்துக்கொண்டிருந்தது.

கடைசியாக, நீங்களே முடக்கப்பட்டால் பயனருக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு திட்டம் வையுங்கள். முடக்க அறிவிப்பை அனுப்ப முதன்மைக் களப்பெயரைச் சாராத வேறொரு மின்னஞ்சல் முகவரி வேண்டும். முன்பணம் வாங்கியிருந்தால் உள்நாட்டு உரிமம் பெற்ற பணச் சேவை வழியாகத் திருப்பித் தருவதற்கான ஏற்பாட்டை இப்போதே பேசி முடியுங்கள். பயனர் தன் தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதியை முதல் வெளியீட்டிலேயே, கட்டணம் செலுத்தாதவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.