அமெரிக்காவிலிருந்து வந்த ரோகுவை இந்தியாவில் இயக்குவது எப்படி?

விடுமுறைக்கு ஊருக்கு வரும் உறவினர்கள் சாக்லேட், வைட்டமின் மாத்திரைகளோடு சில சமயம் ஒரு ரோகு ஸ்டிக்கையும், அதாவது டிவியில் செருகி இணையவழிப் படங்களைப் பார்க்க உதவும் சிறு கருவியையும், கொண்டுவந்து தருவதுண்டு. அமெரிக்காவில் மிகப் பரவலாகப் பயன்படுத்தப்படும் இந்தக் கருவி இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை. ஆகவே இங்கே அதற்கு உத்தரவாதச் சேவை கிடையாது. அங்கே பார்த்த சேவைகளில் பல இங்கே திறக்கவும் செய்யாது. ஆனாலும் அதைப் பயனற்றதென்று அலமாரியில் போட்டுவிட வேண்டாம். எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டால் நல்ல பயன் பெறலாம்.

கருவி விமானம் ஏறும் முன்

முடிந்தால் இந்த வேலையை அமெரிக்காவிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். உறவினர் தம் பெயரிலும் தம் முகவரியிலும் கணக்கைத் தொடங்கி, கருவியை ஒருமுறை தம் வீட்டு டிவியில் பொருத்தி, மென்பொருள் புதுப்பிப்புகளை இறக்கி, உங்களுக்குத் தேவையான யூடியூப், நெட்ஃபிளிக்ஸ், பிளெக்ஸ் (கணினியிலுள்ள காணொளிகளை டிவியில் காட்டுவது), ரோகு மீடியா பிளேயர் ஆகிய செயலிகளைச் சேர்த்துக் கொடுத்தால், இங்கே வந்தபின் வரும் தலைவலியில் பாதி குறையும். அவருடைய வங்கி அட்டை அந்தக் கணக்கில் இருக்குமானால், எதை வாங்கினாலும் பின் எண் கேட்கும்படி அமைத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக் குழந்தைகள் ரிமோட்டை அழுத்தி அவர் கணக்கில் செலவு வைத்துவிடக் கூடாதல்லவா?

மின்சாரமும் இணைப்பும்

ரோகு ஸ்டிக் 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகிறது. அதனுடன் வரும் அடாப்டரின் தட்டையான முனை நம் சுவர்ப் பிளக்கில் சரியாகப் பொருந்தாது. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மாற்று முனை ஒன்றைப் போட்டுப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் வீட்டிலிருக்கும் 5 வோல்ட், 1 ஆம்பியர் செல்போன் சார்ஜரே போதும். டிவியின் பின்புற யூஎஸ்பி துளையிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம் என்றாலும், சில டிவிகளில் அது போதாமல் ஸ்டிக்கின் விளக்கு சிவப்பாக எரியும். அப்படி எரிந்தால் சார்ஜருக்கு மாறிவிடுங்கள்.

அடுத்தது வைஃபை. இங்கேதான் பலரும் கருவி பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டு ரவுட்டர்கள் 1 முதல் 13 வரையிலான சேனல்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவுக்காகச் செய்யப்பட்ட கருவிகள் பொதுவாக 11 வரைதான் தேடும். உங்கள் ரவுட்டர் தானாகவே 12 அல்லது 13-ஆம் சேனலுக்குப் போய்விட்டால், பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரியும், உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் திரையில் வராது. ரவுட்டர் அமைப்புக்குள் சென்று சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக நிலைப்படுத்திவிட்டுத் தேடினால் பெயர் வந்துவிடும்.

கணக்கை இணைக்கும்போது ஓர் எச்சரிக்கை

கருவியைக் கணக்கோடு இணைக்க ரோகு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோ ஓர் உதவி எண்ணுக்கு அழைத்து, செயல்படுத்தும் கட்டணம் என்ற பெயரில் பணத்தை இழந்துவிட்டார். இணைக்கும்போது டிவி திரையில் தோன்றும் இணைய முகவரியை எழுத்துப் பிசகாமல் நீங்களே உலாவியில் அடியுங்கள். தேடுபொறி காட்டும் தொலைபேசி எண்களை நம்ப வேண்டாம்.

எது திறக்கும், எது திறக்காது?

கருவி எந்த நாட்டில் வாங்கியது என்பதைவிட, உங்கள் இணைய இணைப்பின் ஐபி முகவரி எந்த நாட்டைக் காட்டுகிறது என்பதையே பெரும்பாலான சேவைகள் பார்க்கின்றன. ஆகவே நெட்ஃபிளிக்ஸ் உங்கள் இந்தியச் சந்தாவுடன், இந்தியாவுக்கான படங்களின் பட்டியலைக் காட்டும். யூடியூப் வழக்கம்போல ஓடும். ஹுலு, பீகாக் போன்ற அமெரிக்க ஓடிடி சேவைகள் அமெரிக்காவுக்கு வெளியே பார்க்க முடியாது என்று சொல்லி நின்றுவிடும்.

இணைய இணைப்பை வேறு நாட்டிலிருந்து வருவதுபோலக் காட்டும் விபிஎன் போட்டால் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். ரோகுவில் விபிஎன் செயலி எதையும் நிறுவ முடியாது. ரவுட்டரில்தான் அமைக்க வேண்டும். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதற்குத் தடை இல்லை என்றாலும், நாட்டு எல்லையை மறைத்துப் பார்ப்பது அந்தந்தச் சேவையின் விதிமுறைகளுக்கு முரணானது. சேவைகளும் விபிஎன் முகவரிகளைக் கண்டறிந்து தடுத்துக்கொண்டே இருக்கின்றன. மாதாமாதம் பணம் கட்டி, வாராவாரம் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும் இந்த வழியைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான பயன் எங்கே?

என் அனுபவத்தில் இந்தக் கருவியின் அருமை, வீட்டிலிருக்கும் சொந்தக் காணொளிகளைப் பெரிய திரையில் காட்டுவதில்தான் இருக்கிறது. கணினியில் பிளெக்ஸ் சர்வரை நிறுவி, திருமணக் காணொளிகளும் குழந்தைகளின் ஆண்டு விழாப் பதிவுகளும் உள்ள கோப்புறையை அதில் சேர்த்துவிட்டு, கணினியையும் ரோகுவையும் ஒரே வைஃபையில் வைத்தால், ரோகுவின் பிளெக்ஸ் செயலியில் அவை வரிசையாக வந்து நிற்கும். உங்கள் மாடலில் யூஎஸ்பி துளை இருந்தால் கணினியும் வேண்டாம். பென்டிரைவைச் செருகி ரோகு மீடியா பிளேயரைத் திறந்தாலே போதும்.

ரோகுவில் இல்லாத தமிழ் ஓடிடி செயலிகளுக்குச் செல்போன் திரையைப் பிரதிபலிப்பது ஒரு வழி. ரோகுவின் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்கிரீன் மிரரிங் என்று சென்று அனுமதி கொடுத்துவிட்டு, ஆண்ட்ராய்டு போனில் ஸ்மார்ட் வியூ அல்லது காஸ்ட் என்பதை அழுத்துங்கள். எல்லா போன்களிலும் இந்த வசதி இல்லை. பதிப்புரிமைக் காப்பு உள்ள சில செயலிகளில் ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருக்கும்.

இடையில் கருவி உறைந்துபோனால், ரிமோட்டில் ஹோம் பொத்தானை 5 முறை, மேல் அம்பை 1 முறை, ரீவைண்டை 2 முறை, ஃபாஸ்ட் ஃபார்வர்டை 2 முறை அடுத்தடுத்து அழுத்துங்கள். சில நொடிகள் கழித்து அது தானே அணைந்து மீண்டும் தொடங்கும்.