மலையில் கல்லூரியும் தொழிலும் கைகோக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கத்து டீ பேக்டரிகளில் பச்சை இலை வந்து இறங்கவே சாயங்காலம் ஆகிவிடும். இரவு முழுக்க அது ஈரம் குறைவதற்காக வாட்டும் தொட்டியில் கிடக்கும். அடியிலிருந்து காற்று ஊதிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் மிஷின் ஓடத் தொடங்கும். காலை பத்து மணி பஸ்ஸில் வரும் ஆராய்ச்சி மாணவர் வாசலில் இறங்கும்போது தொட்டியைக் கழுவி விட்டிருப்பார்கள்.

நான் கல்லூரிப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியில் இதுதான் நடந்தது. இலை வாடும் நேரத்தைக் குறைக்க முடியுமா என்பது ஆய்வு. கருவி நல்ல கருவி, மாணவர்களும் நல்ல பிள்ளைகள். ஆனால் ஆறு வாரம் பகலிலேயே போய் அளந்தார்கள். இரவு ஷிப்டில் இருந்த அண்ணன் ஒருவர், "தம்பி, இலை வாடுறது ராத்திரியில. நீங்க பகல்ல வந்து எதை அளக்குறீங்க?" என்று கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவரை முதல் நாளே உட்கார வைத்துப் பேசியிருந்தால் ஆறு வாரம் மிச்சம். பல்கலைக்கழகம், தொழில் என்று இரண்டு பேரைச் சொல்கிறோம். பேச்சுவார்த்தை மேஜையில் முதலாளியும் பேராசிரியரும் மட்டும் இருக்கிறார்கள். வேலை தெரிந்தவர் அங்கே இருப்பதில்லை. என் கணக்கில் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான்.

நேரத்தைப் போலவே பருவமும். முதுகலை மாணவர்களின் ப்ராஜெக்ட் பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். இங்கே அது பனியும் வறண்ட காற்றும் உள்ள காலம், இலை சீக்கிரம் வாடும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இலையை நசுக்கிக் கிழித்துக் குறுணையாக்கும் சிடிசி டீக்கு அதை 70 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்தால் போதும், இலையை உருட்டிச் செய்யும் ஆர்தடாக்ஸுக்கு இன்னும் நன்றாக வாட வேண்டும். தை மாதத்தில் இதற்கு ஒரு கணக்கு போட்டு அறிக்கை எழுதிவிடலாம். ஐப்பசி மழையில் கொழுந்து சொட்டச் சொட்ட வந்து இறங்கும்போது அந்தக் கணக்கு நிற்காது. பேக்டரிக்காரருக்குத் தலைவலியே அந்த மழை நாள்தான். அதனால் ஆய்வை ஆடியில் தொடங்கி ஒரு முழு ஆண்டு ஓட விடுங்கள். ஒரு செட் மாணவர்கள் முடித்துப் போகும்போது அடுத்த செட் அவர்களோடு ஒரு மாதமாவது சேர்ந்து வேலை செய்யட்டும். கல்லூரி அட்டவணை இதற்கு இடம் கொடுக்காது என்றால், அதை ஒப்பந்தம் போடும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஒப்பந்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே கேள்வி இருக்க வேண்டும், அவ்வளவுதான். "தேயிலையின் தரத்தை உயர்த்துதல்" என்பது ஆசை. "மழை நாளில் விறகுச் செலவு கூடாமல் வாட்டும் நேரத்தை எப்படிக் குறைப்பது?" என்பது கேள்வி. அப்புறம் ஒரே ஒரு பக்கம் இணைப்பு வேண்டும்: மாணவர் எந்த நாட்களில் வருவார், எங்கே தங்குவார், எந்த மிஷினைத் தொடலாம், பழுதானால் செலவு யாருடையது, பணம் எந்தத் தவணையில் வரும். இந்தப் பக்கம் இல்லாத ஒப்பந்தங்கள் முதல் பழுதிலேயே முறிந்துவிடுகின்றன.

அடுத்தது, எனக்கு மனம் மிகவும் வருந்தும் தவறு. ஒரு மாணவி நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடித்து, கருத்தரங்கில் போஸ்டராக வைத்து, பரிசும் வாங்கினாள். நாலு மாதம் கழித்துக் காப்புரிமை பற்றிப் பேச்சு வந்தது. நம் காப்புரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கும் முன் வெளியிட்டுவிட்டால் அது புதியது என்ற தகுதியை இழந்துவிடும். சில விலக்குகள் உண்டு. ஆனால் அவை குறுகலானவை, அவற்றை நம்பி இருக்கக் கூடாது. செய்ய வேண்டியது எளிது: போஸ்டருக்கு முன் ஒரு தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். முழு விவரத்தைக் கொடுக்க 12 மாதம் அவகாசம் கிடைக்கும். அதற்குள் கட்டுரையும் எழுதலாம், பட்டமும் வாங்கலாம். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டணங்களில் 80 சதவீதம் குறைப்பும் இருக்கிறது. கம்பெனி பணம் போட்டதால் உரிமை முழுக்கக் கம்பெனிக்கே என்றோ, மாணவர் செய்ததால் கல்லூரிக்கே என்றோ ஊகித்துக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். யாருக்கு எத்தனை பங்கு, மாணவர் பெயர் எங்கே வரும் என்பதை முதல் மாதமே எழுதி வையுங்கள்.

இனி மூலிகை. நீலகிரியிலும் பழனி மலையிலும் மருந்து, வாசனை எண்ணெய் ஆய்வு என்றால் முதலில் போய்க் கேட்பது பழங்குடி மக்களிடம்தான். குறும்பர், இருளர், பளியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்த இலை எதற்கு என்று குறித்துக்கொண்டு வருகிறோம். ஆய்வகத்துக்கு வந்ததும் அது "எங்கள் சேகரிப்பு" ஆகிவிடுகிறது. இது நியாயம் இல்லை, சட்டத்திலும் நிற்காது. பாரம்பரிய அறிவுக்கு அப்படியே காப்புரிமை வாங்க முடியாது. உயிர்வளத்தை வைத்துச் செய்த கண்டுபிடிப்பு என்றால் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் போக வேண்டும். செடி எங்கிருந்து வந்தது என்பதையும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும்.

நமக்குத் தெற்கே அகத்தியர் மலையில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அங்குள்ள பழங்குடியினரான காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரத்தில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1990-களில் கோவையின் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. ஆனால் பணத்தை வாங்கிக்கொள்ள ஓர் அறக்கட்டளை அமைய வேண்டியிருந்தது, அதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே பங்கு எவ்வளவு என்பதோடு, எந்தக் கணக்கில், யார் கையெழுத்தில் போய்ச் சேரும் என்பதையும் முன்னாலேயே அந்த ஊரில் உட்கார்ந்து பேச வேண்டும்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பதிவு, கிடைத்த பிறகு இன்னொரு குழப்பமும் வந்திருக்கிறது. அதைக் காப்புரிமை போல ஒரு கம்பெனி தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. அது அந்த மண்ணில் அந்த முறையில் பயிர் செய்பவர்கள் எல்லோருக்கும் பொதுவானது. கம்பெனி வேண்டுமானால் அவர்களிடம் வாங்கி விற்கலாம்.

மலையில் வசதி இல்லை என்று சொல்லி மாதிரிகளைக் கீழே சமவெளிக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதும் தவறுதான். இங்கேயே எத்தனை இடங்கள் இருக்கின்றன: ஊட்டி பக்கத்து முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி, ஊட்டியில் மண், நீர்வளப் பாதுகாப்பு மையம், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையங்கள், குன்னூரில் உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கத்தின் வேளாண் அறிவியல் நிலையம். 1961-இல் நீலகிரி உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. அதைத் தாங்கும் 'குஃப்ரி ஸ்வர்ணா' ரகத்துக்கான வேலை முத்தோரையில் நடந்தது. நோய் இருக்கும் இடத்தில் ஆய்வு இருந்ததால் முடிந்த காரியம் அது.

கடைசியாக, முடிவை யாரிடம் கொடுக்கிறோம்? அந்த டீ ஆய்வின் அறிக்கை ஆங்கிலத்தில் எண்பது பக்கம் வந்தது. மேனேஜர் அறையில் வைத்தோம், அங்கேயே இருந்தது. பிறகு மாணவர்கள் இருவர் சேர்ந்து தமிழில் ஒரு சார்ட் எழுதினார்கள்: இலை நனைந்திருந்தால் இவ்வளவு நேரம் வெறும் காற்று, அதற்கு மேல் சூடான காற்று, இத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டிவிடுவது. பிளாஸ்டிக் உறை போட்டு, தொட்டிக்கு மேலே விளக்கு வெளிச்சம் படும் இடத்தில் ஒட்டினார்கள். போன ஐப்பசியில் போனபோது உறை மஞ்சளித்திருந்தது. ஓரத்தில் பேனாவால் யாரோ இரண்டு இடத்தில் நேரத்தை அடித்துத் திருத்தியிருந்தார்கள். இரவு ஷிப்ட் அண்ணனின் கையெழுத்து.