குமரிப் பாறைக்கு ஒருநாள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 85 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்பதாலேயே பலர் எதையும் யோசிக்காமல் புறப்படுகிறார்கள். சங்கு, பாசிமணிக் கடைகள், பகவதியம்மன் கோவில், முக்கடல் குளியல் எல்லாம் முடித்துவிட்டு, ‘கடைசியில் விவேகானந்தர் பாறைக்குப் போய்க்கொள்ளலாம்’ என்கிறார்கள். பெரிய தவறு இதுதான். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகள் வழக்கமாகக் காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணியோடு நின்றுவிடும். நடுவே கடல் சீறினால் அப்போதே நிறுத்திவிடுவார்கள். கோவிலோ நண்பகலில் நடை சாத்தி, மாலையில் மறுபடியும் திறக்கும். எனவே முதலில் படகு; மற்றதெல்லாம் பிறகு. பஸ்ஸிலும் கவனம் வேண்டும். காவல்கிணற்றில் சாலை பிரிகிறது. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிவிட்டால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அந்த நேரத்தில் வரிசை நீண்டுவிடும்.

அடுத்தது, நாள் பார்க்காமல் போவது. சூரியன் மறைவதையும் சந்திரன் எழுவதையும் ஒருசேரப் பார்க்கும் ஆசையில் சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதால் கடல் மிகவும் ஏறும், அதேபோல் மிகவும் வற்றும். நீர்மட்டம் தாழ்ந்தால் படகு தரைதட்டும். அதனால்தான் ‘கடல் நீர்மட்டம் தாழ்வு, படகுச் சேவை தாமதம்’ என்ற செய்தி நாளிதழில் அடிக்கடி வருகிறது. பௌர்ணமியன்று போவதானால் காத்திருக்கத் தயாராகப் போங்கள். பாறைதான் முக்கியம் என்றால் வளர்பிறையோ தேய்பிறையோ நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் குமரிக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. அந்த மாதங்களில் அருவிக்குப் போவதே நல்லது. கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அலைமோதும். விடுமுறை நாளும் சேர்ந்துகொண்டால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

படகில் பத்து நிமிடங்கள்கூட ஆகாது. ஆனால் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும்தான் அவசரப்படுகிறார்கள். படகு துறையோடு உரசி ஓர் அடி எழும், ஓர் அடி தாழும். எழுந்து சமமாகும் நொடியில் ஊழியர் முழங்கையைப் பிடித்து இழுப்பார். அந்த நொடியில் கால் வைக்க வேண்டும். அப்போது ஒரு கையில் செல்போனும் மறு கையில் குழந்தையும் வைத்திருப்பது ஆபத்து. உயிர்காப்பு உடை ஈரமாக இருக்கிறதே என்று கையில் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். வாரைக் கட்டுங்கள், குழந்தைக்கும் கட்டிவிடுங்கள்.

பாறையில் இறங்கியவுடன் எல்லோரும் கண்ணாடிப் பாலத்துக்கு ஓடுகிறார்கள். 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட, 77 மீட்டர் நீளப் பாலம், பார்க்க வேண்டியதுதான். முன்பு வள்ளுவர் சிலைக்குத் தனியாகப் படகு போக வேண்டும். நீர் தாழ்ந்த நாட்களில் அங்கே மட்டும் படகு போகாது. இன்று நடந்தே போகலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது. விவேகானந்தர் 1892 டிசம்பரில் இங்கே வந்து தியானம் செய்தார். ஏகநாத் ரானடேயின் விடாமுயற்சியால் எழுந்த நினைவு மண்டபம் 1970 செப்டம்பர் 2 அன்று திறக்கப்பட்டது. இவை பலருக்கும் தெரியும். அதற்கு வெகுகாலம் முன்பே இது ஸ்ரீபாதப் பாறை. குமரி அன்னை ஒற்றைக் காலில் தவம் செய்தபோது பதிந்த தடம் என்று நம்பப்படும், பாத வடிவில் சற்றே செம்மை படர்ந்த சிறு புடைப்பு ஸ்ரீபாத மண்டபத்துக்குள் இருக்கிறது. எதிர் மண்டபத்தில் நிற்கும் விவேகானந்தர் சிலையின் பார்வை அந்தப் பாதத்தின் மீது விழும்படி அமைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் திரும்பினால் அந்த இடத்துக்குப் போனதாகவே ஆகாது. கீழே தியான மண்டபத்தில் பேச்சும் கூடாது, செல்போனும் கூடாது. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

வள்ளுவர் சிலை 133 அடி. 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு, 95 அடிச் சிலை பொருளுக்கும் இன்பத்துக்கும். பிள்ளைகளுக்குக் கரையில் நிற்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். அங்கே காற்றில் காது கேட்காது.

மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். உச்சி வெயிலில் கல்தளம் கொதிக்கும் என்பதால் முதியவர்களுக்குப் பருத்திக் காலுறை எடுத்துப் போங்கள். தொப்பியும் துப்பட்டாவும் காற்றில் பறந்து கடலில் விழுந்தால் மீட்க முடியாது. திரும்பும் படகுக்கும் வரிசை உண்டு. மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருப்பவர்கள் இரண்டு மணிக்கெல்லாம் அந்த வரிசையில் நின்றுவிடுவது நல்லது.