சாம்பல் ஊரில் ஹோஸ் பைப்பைத் தொடாதீர்கள்

பெங்களூரிலிருந்து வேலைக்காக ஜப்பானின் ககோஷிமாவுக்குப் போகும் நம்மவர்கள் எல்லோரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சகுராஜிமா எரிமலை அந்த ஊருக்கு நேர் எதிரே, வளைகுடா தாண்டினால் சுமார் 4 கிலோமீட்டர். கோடையில் காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால் சாம்பல் கொட்டும். மாஸ்க் போடுவதும் ஜன்னல் சாத்துவதும் உங்களுக்கே தெரியும். சறுக்குவது இவற்றில்தான்.

தண்ணீர் ஊற்றிக் கழுவுவது

அல்சூரில் தினமும் வாசல் தெளித்துப் பழகிய கை. பால்கனி கறுத்துக் கிடந்தால் சும்மா இருக்குமா? குழாயைத் திறந்துவிடும். இது அடுப்புச் சாம்பல் இல்லை ஐயா! பாறையும் கண்ணாடியும் நொறுங்கிய தூள். எத்தனை வாளி ஊற்றினாலும் கரையாது. வடிகால் குழாயின் வளைவில் போய் உட்கார்ந்து, காய்ந்ததும் சிமென்ட் போல இறுகிவிடும். உங்கள் குழாய் அடைத்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் செலவு.

கூரையில் இன்னும் ஆபத்து. 1 சென்டிமீட்டர் காய்ந்த சாம்பலே சதுர மீட்டருக்கு 5 முதல் 13 கிலோ இருக்கும். ஊறிவிட்டால் 20 கிலோ வரை போகும்.

முதலில் வடிகால் வாயைப் பழந்துணியால் அடையுங்கள். தூசி எழாமல் இருக்கும் அளவுக்கு ஸ்பிரேயரில் லேசாகத் தெளியுங்கள். சேறாகிவிட்டால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். பிறகு முறத்தில் வாரி, நகராட்சி கொடுக்கும் மஞ்சள் பையில் போடுங்கள். ஒரு கையால் தூக்கும் அளவோடு நிறுத்தி, வாயைக் கட்டி, சாம்பலுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வையுங்கள். வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது.

வைப்பர்

சாம்பல் படிந்த கார் கண்ணாடியில் காய்ந்தபடியே போட்டால் கீறல்தான். முதலில் தாராளமாகத் தண்ணீர். இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கான்டாக்ட் லென்ஸ்

கழற்றிவிடுங்கள்.

‘நிலை 3’ என்றதும் ஊருக்கு ஃபோன் போடுவது

ஜப்பானில் எரிமலை எச்சரிக்கை நிலைகள் 1 முதல் 5 வரை. சகுராஜிமா பெரும்பாலும் 3-லேயே இருக்கும். மலைவாய் அருகே போகாதே என்பதுதான் அதன் பொருள். 2022 ஜூலை 24 அன்று 5-க்கு ஏற்றியபோதும் மலையை ஒட்டிய சில குடியிருப்புகளைத்தான் காலி செய்யச் சொன்னார்கள், அக்கரை நகரத்தை அல்ல.

தினமும் பார்க்க வேண்டியது வானிலை அறிக்கையில் வரும் காற்றின் திசை. ஊர்ப்பக்கம் என்றால் துணியை உள்ளே காயப்போடுங்கள். பால்கனியில் வடாம் இட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.