முள் கீழேயே கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள்

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். புதிதாகப் பழைய கார் வாங்கும் பெடியள் திரும்பத் திரும்ப மாட்டுவது வேறு இடத்தில்: எஞ்சின் சூட்டைக் காட்டும் டாஷ்போர்ட் முள்ளைத் தவறாகப் புரிந்துகொள்வதில்.

தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

"நம்மட நாட்டுச் சூட்டுக்கு இது தேவையில்லை தம்பி" என்று ஏதாவது ஒரு கராஜ் பாஸ் சொல்லிவிடுவார். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கொழும்பு வெயில் வழக்கமாக 33 பாகையைத் தாண்டாது, எஞ்சின் வேலை செய்ய விரும்புவது 90 பாகைக்குப் பக்கத்தில். அதற்கு நம் வெயிலே குளிர்தான்! எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்து, 82 முதல் 90 பாகைக்குள் திறந்துவிடுவதுதான் தேமோஸ்டாட்டின் வேலை. அதைக் கழற்றினால் முள் மேலே வரவே நேரமெடுக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். இன்னொன்று, பல எஞ்சின்களில் இதே சாமான்தான் திறக்கும்போது பக்கவழியையும் அடைக்கிறது. அது இல்லையென்றால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள் திரும்பிவிடும்.

என் மச்சானின் கார் காலி வீதி நெரிசலில், வெள்ளவத்தைக்கு வரும்போதெல்லாம் சூடேறியது. ஓடும்போது சரி, நின்றால் ஏறும். அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் ஃபேன். பாஸ் அதைத் தொடவில்லை, தேமோஸ்டாட்டைக் கழற்றினார். முள் கொஞ்சம் இறங்கியது, மச்சானுக்குப் பெரிய சந்தோஷம். அப்புறம் ஒருநாள் கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் ஊர்ந்தபோது முள் சிவப்பைத் தொட்டது. "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்று அப்படியே ஓட்டியிருக்கிறார். ஹெட் காஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய், அலுமினிய ஹெட்டும் வளைந்தது. கடைசியில் பார்த்தால் ஃபேன் மோட்டார் செத்திருக்கிறது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் அந்த மோட்டாருக்கு ஆகும் செலவு, ஹெட் வேலைக்குக் கொடுத்ததில் ஒரு மூலைக்குக்கூட வராது.

நடுவில் நிற்கும் முள்

பல கார்களில் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் முள்ளைச் செய்திருக்கிறார்கள். அது நடுவைத் தாண்டி அசைந்தாலே விஷயம் முற்றிவிட்டது. ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்ட இடம் பாருங்கள்.

ஏறிய முள் திடீரென்று விழுந்தால்

ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீர் வற்றி, சென்சர் வெறும் ஆவியில் நிற்கலாம். உடனே நிறுத்துங்கள்.

குழாய்த் தண்ணீர்

ரேடியேட்டருக்கு ஊற்றுவது அவசரத்துக்கு மட்டும்.

முள்ளே இல்லாத கார்

இப்போது வரும் சின்னக் கார்கள் பலவற்றில் விளக்கு மட்டும்தான். நீலம் என்றால் எஞ்சின் இன்னும் குளிர், மெதுவாக ஓட்டுங்கள். சிவப்பு என்றால் அடுத்த சந்திவரை போகலாமா என்று யோசிக்க வேண்டாம், அங்கேயே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.