மருந்து அடிக்கும் முன் சிலந்தியை எண்ணினீர்களா?

நட்டு இருபது நாள்கூட ஆகாத நெல் வயலில் நாலு இலை வெளுத்துச் சுருண்டால் போதும், மறுநாள் காலையில் முதுகில் டேங்க் ஏறிவிடும். முதல் தவறு இதுதான். அந்த வயதில் பயிர் அடியிலிருந்து புதுத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டிக்கொண்டிருக்கும். புழு தின்ற இலைக்கு ஈடாக வேறு இலை விட அதற்குத் தெம்பு உண்டு. நட்ட பயிரில் 30 நாள், நேரடியாக விதைத்ததில் 40 நாள் வரை இலை தின்னும் புழுவுக்கு மருந்தே வேண்டாம் என்பதுதான் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை.

சரி, அடித்தால் என்ன கெட்டுவிடும்? தொழுவுரமும் மடக்கி உழுத தழையும் தண்ணீரில் மட்கும்போது, அதைத் தின்று கொசு போன்ற குட்டிப் பூச்சிகள் பெருகும். அவற்றால் பயிருக்கு ஒரு கெடுதலும் இல்லை. சிலந்திகள் அவற்றைத் தின்றுதான் ஆரம்பத்திலேயே எண்ணிக்கையில் கூடுகின்றன. பின்னால் தண்டின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியான புகையான் வந்து இறங்கும்போது காவலுக்கு ஆள் தயாராக இருக்கும். முதல் மாதத்து மருந்து அந்தச் சாப்பாட்டையும் காலி செய்கிறது, காவலையும் காலி செய்கிறது.

பெரிய தவறு இதற்கு அடுத்தது. இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி மருந்தை அடிப்போம். புழு செத்து வயல் பச்சையாகத் தெரியும். கொஞ்ச நாளில் நடுவயலில் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். எங்கிருந்து வந்தது புகையான்? அங்கேயேதான் இருந்தது. அதன் முட்டை இலையுறைக்குள் பொதிந்திருப்பதால் மருந்து சரியாகப் படாது. வெளியே திரிந்த ஓநாய்ச் சிலந்தியும், அந்த முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் பச்சை நாவாய்ப்பூச்சியும் செத்துப்போயிருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. சிலந்தி அவ்வளவு வேகமாகப் பெருகாது. போதாக்குறைக்கு, டெல்டாமெத்ரின் சாகாத அளவில் பட்டால் புகையான் கூடுதலாக முட்டையிடும்.

இதே கதையை ஒரு நாடே அனுபவித்தது. இந்தோனேசியாவில் புகையான் அறுவடையை அழித்தபோது, 1986-ல் அந்த அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது. மருந்துச் செலவு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

வரப்பில் நின்று இலையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதும் தவறுதான். புகையான் இருப்பது தண்ணீருக்குச் சற்று மேலே, தூரின் அடியில். உள்ளே இறங்கிக் குத்தை, அதாவது ஓரிடத்தில் நட்ட நாற்று வளர்ந்த கொத்தை, விலக்கிப் பாருங்கள். தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் இருந்தால் மருந்து யோசிக்கலாம்; குத்துக்கு ஒரு சிலந்தி தென்பட்டால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது. சிலந்தியையும் சேர்த்து எண்ணச் சொல்வதால்தான் எனக்கு இது பிடிக்கும். யூரியாவை அள்ளிப் போடுவதும் நெருக்கி நடுவதும் புகையானுக்கு விருந்து. எட்டடிக்கு ஒருமுறை ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டு நட்டால் அடித்தூரில் வெளிச்சமும் காற்றும் படும்.

புழுவின் முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவி பொரித்து வரும் அட்டையை வயலில் கட்டிய இரண்டாம் நாள் மருந்து அடிப்பவர்களை என்ன சொல்ல! அந்த ஒட்டுண்ணிக் குளவி கடுகைவிடச் சின்னது. காசு கொடுத்து வாங்கி நாமே கொல்கிறோம். அப்புறம், வரப்பில் சாரைப்பாம்பைக் கண்டால் அடிப்பது. சாரை நல்லபாம்புக்கு ஜோடி என்பது வெறும் கதை. விஷமில்லாத தனிச் சாதி அது, எலிக்கு எமன்.

கரிச்சான் குருவி உட்கார வயலில் குச்சி நடுவது நல்ல பழக்கம். ஆனால் கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிட வேண்டும். புழு தேடி கரிச்சான் உட்கார்ந்த அதே குச்சியில், நெல்மணி தேடிச் சில்லைக் குருவிகளும் வந்து உட்காரும்.